ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தம் யாருடையது?

போன வருடம் குடியாத்தத்தில் இருக்கும் பெரியம்மாவைச் சர்க்கரைக்குக் காட்ட ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழக்கமான ரத்தப் பரிசோதனைதான். கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, சாம்பல் மூடிக் குழாயில் ஒன்று, ஊதா மூடிக் குழாயில் ஒன்று எடுத்தார்கள். ஊசியை உருவாமலே இன்னொரு ஊதா மூடிக் குழாயையும் செருகினார் லேப் பெண். "இது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "ஆராய்ச்சிக்கு சார். அம்மா கையெழுத்து போட்டுட்டாங்களே" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார், நான் பெரியம்மாவைப் பார்த்தேன். ஓ.பி. சீட்டு, காப்பீட்டுத் தாள் என்று நீட்டியவற்றோடு நீட்டிய ஏதோ ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நகல் கேட்டேன். "அதெல்லாம் ஃபைல்ல இருக்கும்" என்று பதில் வந்தது.

அந்த நகல் ஃபைலில் மட்டும் இருந்தால் போதாது. பெரியம்மாவின் கையிலும் ஒன்று இருக்க வேண்டும். இது ஆஸ்பத்திரி பெரிய மனது வைத்துத் தருவதல்ல, விதி. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது பெரிய ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருப்பார்கள். மருத்துவ ஆராய்ச்சி இங்கே அன்றாடச் சங்கதி. அதனால் இந்த விதிகளை நாம் கொஞ்சம் நன்றாகவே தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

வேலூர் சி.எம்.சி. வளாகத்தில் 1955-லேயே வெல்கம் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கிவிட்டது. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு எதிரான ரோட்டாவேக் சொட்டு மருந்தை டெல்லி, புனே, வேலூர் என்று மூன்றே இடங்களில் 6,799 கைக்குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2016-இல் அது தேசியத் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. நம் தெருக் குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பாகாயத்தில் உள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தில் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா 'ஏ' நோயாளிகள் 5 பேருக்கு, ரத்த அணுக்களை உருவாக்கும் அவர்களுடைய ஸ்டெம் செல்லிலேயே சரியான மரபணுவை ஏற்றித் திருப்பிச் செலுத்தினார்கள். அதன் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாகின.

இன்னொரு கதையும் உண்டு. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவருடைய மாணவி நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. குழாய்கள் ரயிலில் வேலூருக்கு வந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது அப்படித்தான் முதன்முதலில் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்களுக்கு எதைத் தேடுகிறோம் என்று சொல்லவில்லை. பிற்காலத்தில் நிர்மலாவே இதைச் சொல்லியிருக்கிறார். நாட்டுக்கு அது பெரிய உதவி, சந்தேகமில்லை. இன்று அதே ரத்தத்தை அதே மாதிரி எடுக்க முடியாது. இடையில் வந்தவைதான் இந்த விதிகள்.

சரி, விதிக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் உங்கள் ரத்தம் மூன்று வழிகளில் போகலாம். முதலாவது சிகிச்சைக்கான பரிசோதனை. இதில் ஆராய்ச்சி எதுவும் இல்லை. இரண்டாவது, மருந்து எதுவும் கொடுக்காமல் ரத்தம், சிறுநீர், திசு போன்றவற்றை மட்டும் எடுத்து ஆராய்வது. உயிர்வேதியியல், மரபணு ஆய்வுகள் பெரும்பாலும் இந்த வகை. இதற்கு ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள்தான் அளவுகோல். மூன்றாவது, புதிய மருந்தையோ தடுப்பூசியையோ ஆள்மேல் சோதிக்கும் டிரையல். இதற்கு 2019 மார்ச் 19-இல் அரசிதழில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் பொருந்தும். மூன்றாவதில் சட்டத்தின் பிடி இறுக்கம், இழப்பீட்டுக்குக் கணக்கே போட்டுவைத்திருக்கிறார்கள். இரண்டாவதில் பணக்கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. ஆனால் சம்மதம் விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. எந்த ஆய்வானாலும், அது முறையானதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி பார்த்து அனுமதித்த பிறகுதான் தொடங்கலாம்.

இந்தக் கமிட்டி ஆஸ்பத்திரியின் சொந்தப் பஞ்சாயத்து அல்ல. குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். அதில் பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்கள். தலைவர் வெளியாள். சட்டம் தெரிந்த ஒருவர், ஒரு பெண், மருத்துவமே படிக்காத ஒரு சாதாரண ஆள் கட்டாயம். அந்தச் சாதாரண ஆளுக்குப் புரியாத ஒப்புதல் படிவம் நமக்கும் புரியாது என்பதுதான் கணக்கு.

சம்மதம் என்றால் கையெழுத்து மட்டும் அல்ல. முதலில் தகவல் தாள் தர வேண்டும், உங்களுக்குப் புரியும் மொழியில். எதற்கு இந்த ஆய்வு, எவ்வளவு ரத்தம், எத்தனை தடவை வர வேண்டும், என்ன ஆபத்து, சேராவிட்டால் வேறு என்ன சிகிச்சை உண்டு, யாரைக் கூப்பிடலாம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்து, பிள்ளைகளிடம் கேட்டு, மறுநாள் வந்து சொல்கிறேன் என்று நீங்கள் சொல்லலாம். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி உடனிருக்க, படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு. குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. ஆனால் 7 வயதுக்கு மேல் பிள்ளையிடமும் கேட்க வேண்டும். 12 வரை வாய்வார்த்தை, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். அப்பா சரி என்று சொல்லி, பிள்ளை முடியாது என்று அழுதால், அந்த அழுகைக்கும் மதிப்பு உண்டு.

இதுவரை சோதிக்கப்படாத புதிய மூலக்கூறு மருந்து என்றால், எளிதில் ஏமாறக்கூடிய நிலையில் இருப்பவரிடம் சம்மதம் வாங்குவதை வீடியோவாகப் பதிவுசெய்ய வேண்டும். எச்.ஐ.வி. மருந்துக்கும் தொழுநோய் மருந்துக்கும் மட்டும் விலக்கு: குரல் பதிவு போதும், முகம் வேண்டாம். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்த விலக்கு ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு முகம் வெளியே தெரிந்தால் கல்யாணம், வாடகை வீடு, வேலை எல்லாம் என்னவாகும் என்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

இப்போது தலைப்புக் கேள்வி. குழாயில் எடுத்த ரத்தம் லேபுக்குப் போனதும் சுழற்றும் இயந்திரத்தில் வைப்பார்கள். சில நிமிடங்களில் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். இடையில் மெல்லிய வெள்ளை ஏடு. டி.என்.ஏ. வேண்டுமென்றால் அந்த ஏட்டில்தான் எடுப்பார்கள். பிளாஸ்மாவைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து, பெயர் போடாமல் ஓர் எண் மட்டும் ஒட்டி, மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் வைப்பார்கள். அங்கே அது வருடக்கணக்கில் கிடக்கலாம். ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை சொல்வது இது: மாதிரியும் அதிலிருந்து வரும் தகவலும் கொடுத்தவருக்கே சொந்தம். நிறுவனம் அதன் காவல்காரர், உரிமையாளர் அல்ல. வேண்டாம் என்று தோன்றினால் திரும்பப் பெறலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக உங்கள் சிகிச்சை நின்றுபோகக் கூடாது.

இதில் இரண்டு சிக்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். உங்கள் பெயருக்கும் குப்பியின் எண்ணுக்கும் உள்ள தொடர்பை முழுசாக அழித்துவிட்டார்கள் என்றால், பிறகு உங்கள் குப்பி எது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. அப்போது திருப்பிக் கேட்டுப் பயனில்லை. அப்புறம், சிகிச்சைக்கு எடுத்து மிச்சமான ரத்தத்தை, பெயர் தெரியாதபடி செய்து, தனிச் சம்மதம் இல்லாமலே பயன்படுத்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கலாம். பெரியம்மாவின் மூன்றாவது குழாய் மிச்சம் அல்ல, ஆராய்ச்சிக்கென்றே எடுத்தது. அதற்குச் சம்மதம் கட்டாயம்.

டிரையலில் ஏதாவது ஆகிவிட்டால்? முதலில் வைத்தியம். டிரையலில் இருக்கும்போது உடம்புக்கு எந்தப் பாதிப்பு வந்தாலும் இலவச சிகிச்சை தர வேண்டும். தேவைப்படும் வரை, அல்லது இதற்கும் டிரையலுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபணமாகும் வரை. முதலில் பில் கட்டு, பிறகு பார்க்கலாம் என்று சொல்ல இடமில்லை. கடுமையான பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் டாக்டர் மேலே தெரிவிக்க வேண்டும்.

இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. இறப்பு என்றால் அடிப்படைத் தொகை 8 லட்சம். அதை வயதுக்கான காரணியால் பெருக்கி, நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி, 99.37-ஆல் வகுக்க வேண்டும். தீவிர எண் 0.5 முதல் 4 வரை. ஏற்கெனவே மரணத்தின் விளிம்பில் இருந்தவருக்கு 0.5, முழு ஆரோக்கியத்தோடு வந்தவருக்கு 4. நாற்பது வயதுக்கான காரணி 184.17. அந்த வயதில் நடுத்தர ஆபத்துள்ள நோயாளி, அதாவது தீவிர எண் 2 என்றால், சுமார் 29 லட்சத்து 65 ஆயிரம் வரும். 65 வயது ஆரோக்கியமானவர் என்றால் நேராக 32 லட்சம். நிரந்தர ஊனம் நூறு சதவீதம் என்றால் இறப்புத் தொகையில் 90 சதவீதம், குறைந்தால் அதற்கேற்பக் குறையும். கொஞ்சநாள் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்துவிட்டார் என்றால், படுத்த நாள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் கூலி. அதுவும் டெல்லியின் குறைந்தபட்சக் கூலி. வேலூரில் படுத்தாலும் டெல்லிக் கூலிதான், நமக்கு நஷ்டமில்லை.

மருந்தின் பக்கவிளைவுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். திட்டப்படி நடக்காததால் வந்த கேடு, நல்ல சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் வெறும் மாத்திரை கொடுத்ததால் வந்த கேடு, ஆய்வுக்காகச் செய்த செய்முறையால் வந்த கேடு, கருவில் இருந்த குழந்தைக்கு வந்த கேடு எல்லாமே கணக்கில் சேரும். டெல்லியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி தொகையைத் தீர்மானித்து உத்தரவு போட்டால், ஆய்வை நடத்தும் கம்பெனி 30 நாளுக்குள் கட்ட வேண்டும்.

டிரையல் நிஜமாகவே அனுமதி பெற்றதுதானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, காசு கிடையாது. 2009 ஜூன் 15 முதல் மருந்து டிரையல்கள் எல்லாம் அதில் பதிவாக வேண்டும். நோயின் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டால் வந்துவிடும். ஆங்கிலத்தில்தான் இருக்கும், அது ஒரு குறை. கல்லூரிப் பிள்ளை யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். காட்பாடிப் பக்கம் பயோடெக் படிக்கும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

புகார் என்றால் தகவல் தாளிலேயே ஆய்வாளரின் எண்ணும், எத்திக்ஸ் கமிட்டி உறுப்பினர் செயலரின் எண்ணும் இருக்கும். முதல் எண்ணில் பதில் இல்லாவிட்டால் இரண்டாவது. இரண்டுமே உங்கள் கையில் உள்ள நகலில்தான் இருக்கின்றன. நகலுக்கு நான் இவ்வளவு அடம்பிடித்தது அதனால்தான்.

பெரியம்மாவின் நகலுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை ஓர் இளம் டாக்டர் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழிலேயே முழுக்கப் படித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் கட்டங்கள் இருந்தன. இந்த ஆய்வுக்கு மட்டும், பின்னால் வரும் ஆய்வுகளுக்கும், வெளிநாட்டு லேபுக்கு அனுப்ப, ஏதாவது நோய் தெரிந்தால் எனக்குச் சொல்ல. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆம், இல்லை. பெரியம்மா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பின்னால் வரும் ஆய்வுக்கு ஆம். நோய் தெரிந்தால் சொல்லச் சொல்லி ஆம். வெளிநாட்டுக் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. "அவ்ளோ தூரம் எதுக்கு, இங்கயே பாத்துக்கட்டும்" என்று இல்லையில் டிக் போட்டுவிட்டு, நகலை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.