இங்கிலாந்து கிளப்பில் ஆட ஒர்க் பெர்மிட்: யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது?

போன மாதம் வியாசர்பாடியில் மாலைப் பயிற்சி முடிந்து, பையன்கள் கோன்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணியில் வலது விங் ஆடும் பையனின் அண்ணன் வந்து போனை நீட்டினார். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க. நம்பலாமா?"

வாட்ஸாப்பில் வந்த கடிதம். மேலே ஒரு கிளப்பின் சின்னம், சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கியதில் ஓரமெல்லாம் மங்கியிருந்தது. கீழே இரண்டு வருட ஒப்பந்தம், தங்குமிடம், "ஒர்க் பெர்மிட் 100% உறுதி" என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. கிளப் இங்கிலாந்தின் எட்டாவது டிவிஷனில் ஆடுகிறதாம். மொத்தச் செலவு மூன்றரை லட்சம், அதில் 75,000 ரூபாயை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம். பையனுக்கு வயது 17.

அந்தக் கடிதம் பொய் என்று சொல்ல நான் யாருக்கும் போன் போட வேண்டியிருக்கவில்லை. விதி தெரிந்தால் போதும். விதி தெரியாததால்தான் நம் பிள்ளைகளின் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. அதனால் அந்த விதியை முழுசாக எழுதிவிடுகிறேன்.

நாம் ஒர்க் பெர்மிட் என்று ஒரே வார்த்தையில் சொல்வது அங்கே இரண்டு படி. முதல் படி, இங்கிலாந்து கால்பந்து சங்கம் தரும் ஒப்புதல். இந்த ஆட்டக்காரர் எங்கள் நாட்டு ஆட்டத்தின் தரத்தை உயர்த்தக்கூடியவர் என்று சங்கம் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது படி, பிரிட்டிஷ் உள்துறை தரும் விசா. முதல் படி ஏறாமல் இரண்டாவது கிடையாது. முதல் படிக்கு விண்ணப்பிப்பது கிளப்தான். ஆட்டக்காரரோ ஏஜென்டோ தனியாக விண்ணப்பிக்க முடியாது. "பெர்மிட் நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், தன்னிடம் இல்லாத சரக்கை விற்கிறார் என்று அர்த்தம்.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை பிரெஞ்சுக்காரருக்கும் ஸ்பானியருக்கும் இந்தத் தொல்லையே இல்லை, நேராகப் போய் ஆடினார்கள். 2021 ஜனவரி 1 முதல் அயர்லாந்துக்காரர் தவிர வெளிநாட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அந்த அளவுகோல் புள்ளிக் கணக்கு. 15 புள்ளி இருந்தால் ஒப்புதல் கிடைக்கும். அதற்குச் சற்றுக் குறைந்தால், சிறப்புக் காரணம் காட்டி ஒரு குழுவின் முன் கிளப் முறையிடலாம்.

புள்ளிக்குப் போகாமல் நேராகத் தேறும் வழியும் உண்டு, அது தேசிய அணி வழி. முந்தைய இரண்டு வருடத்தில் உங்கள் நாடு ஆடிய போட்டிகளில் நீங்கள் எத்தனை சதவீதம் ஆடினீர்கள் என்று பார்ப்பார்கள். நாடு ஃபிஃபா தரவரிசையில் முதல் 10-க்குள் இருந்தால் 30 சதவீதம் போதும். 11 முதல் 20 வரை என்றால் 40, 21 முதல் 30 வரை என்றால் 60, 31 முதல் 50 வரை என்றால் 70 சதவீதம். 50-க்குக் கீழே இருக்கும் நாட்டுக்காரருக்கு இந்த வழி இல்லை. ஒரு ஆட்டம்கூட விடாமல் ஆடியிருந்தாலும் இல்லை.

இந்தியா 2023-ல் கொஞ்ச நாள் முதல் 100-க்குள் எட்டிப் பார்த்தது, அப்புறம் இறங்கிவிட்டது. 50 என்பது இன்னும் வெகு தூரம்.

இந்த இடத்தில் சுனில் சேத்ரியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2009-ல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் அவரோடு மூன்று வருட ஒப்பந்தம் போட்டது. கிளப்புக்கு அவர் வேண்டும், அவருக்கும் போக ஆசை. ஆனால் அன்றைய விதிப்படி நாடு ஃபிஃபா பட்டியலில் முதல் 70-க்குள் இருக்க வேண்டும். இந்தியா இல்லை. பெர்மிட் மறுக்கப்பட்டது, ஒப்பந்தம் வெறும் காகிதமாகிப் போனது. இந்தியாவுக்காக அதிக கோல் அடித்த ஆட்டக்காரருக்கே இது நடந்தது. அன்று 70 என்று இருந்த எல்லை இப்போது 50 என்று இறுகியிருக்கிறது.

இனி புள்ளிக் கணக்கு. உலக லீக்குகளை ஆறு அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள். மேலடுக்கில் இங்கிலாந்து, ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் முதல்நிலை லீக்குகள். இரண்டாவதில் போர்ச்சுகல், நெதர்லாந்து, பெல்ஜியம், துருக்கி ஆகியவற்றின் முதல்நிலை லீக்குகளும் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனும். பிரேசில், அர்ஜென்டினா போன்றவை மூன்றாவதில். இப்படியே இறங்கி, பெயர் குறிப்பிடப்படாத எல்லா லீக்குகளும் ஆறாவதில் விழும். நம் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் இப்போது ஆடும் கிளப் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதற்குத் தனியாகப் புள்ளி. மேலடுக்கு என்றால் 12, அடுத்தது 10, பிறகு 8, 6, 4, கடைசி அடுக்குக்கு 2. லீக்கில் கிளப் ஆடிய மொத்த நிமிடங்களில் எத்தனை நிமிடம் நீங்கள் களத்தில் இருந்தீர்கள் என்பதற்கும் தனியாகப் புள்ளி. இதிலும் அதே ஏணிதான், உச்சத்தில் 12, கடைசி அடுக்கில் எவ்வளவு ஆடினாலும் 2-க்கு மேல் இல்லை. இவை போக லீக்கில் கிளப் பிடித்த இடம், சாம்பியன்ஸ் லீக் மாதிரி கண்டப் போட்டிகளில் ஆடிய நிமிடங்கள், அதில் கிளப் எவ்வளவு தூரம் போனது என்பதற்கெல்லாம் புள்ளி உண்டு.

கூட்டிப் பாருங்கள். ஐ.எஸ்.எல்.-லில் சீசன் முழுக்க ஒரு நிமிடம் விடாமல் ஆடும் ஒருவருக்கு லீக் தரத்துக்கு 2, நிமிடங்களுக்கு 2, ஆக 4. மற்ற தலைப்புகளில் ஒன்றிரண்டாக ஒட்டினாலும் 15 வராது. இப்போது அதே ஆள் பெல்ஜியம் முதல்நிலை லீக்கில் ஆடுகிறார் என்று வையுங்கள். லீக் தரத்துக்கே 10. நிமிடங்களுக்கு அதிகபட்சம் 10. பாதிக்குச் சற்று மேலே ஆடினாலே 15 பக்கத்தில் வந்துவிடும். அவர் எந்த நாட்டுக்காரர், அந்த நாடு தரவரிசையில் எத்தனாவது என்ற கேள்வியே எழாது.

இந்த ஒரு கணக்கு புரிந்தால் நவீன கால்பந்தின் பாதி வியாபாரம் புரிந்துவிடும். ஜப்பானின் கவோரு மிதோமாவை பிரைட்டன் கிளப் 2021 ஆகஸ்டில் வாங்கியது. அப்போது அவர் ஜப்பான் சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை, பெர்மிட்டுக்குத் தேறவில்லை. உடனே பெல்ஜியத்தின் யூனியன் செயின்ட் ஜில்வாஸ் கிளப்புக்கு லோனில் அனுப்பினார்கள். ஒரு சீசன் அங்கே ஆடினார், நவம்பரில் ஜப்பான் அணியிலும் இடம் பிடித்தார், 2022-ல் பிரைட்டனுக்குத் திரும்பி பிரீமியர் லீக்கில் இறங்கினார். அந்த ஒரு வருடம் வீணான வருடம் இல்லை, பெர்மிட்டுக்கான வருடம். பெரிய கிளப்புகளின் முதலாளிகள் பெல்ஜியத்திலும் மற்ற இடங்களிலும் இன்னொரு கிளப்பில் பங்கு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2023 ஜூனில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். 15 புள்ளி எட்டாத, ஆனால் வளரக்கூடிய ஆட்டக்காரர்களுக்காக ஒவ்வொரு கிளப்புக்கும் சில தனி இடங்கள். முதல் இரண்டு டிவிஷன் கிளப்புகளுக்கு அதிகபட்சம் 4, அடுத்த இரண்டுக்கு அதிகபட்சம் 2. சும்மா கொடுத்துவிடவில்லை. உள்ளூர் இங்கிலாந்து ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு நிமிடம் கொடுக்கிறார்களோ அதற்கேற்பத்தான் மேலே உள்ள இடங்கள் திறக்கும். நல்ல யோசனை என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பையன்கள் விஷயத்தில் மட்டும் அளவுக்கு மீறி நம்பிக்கை வைத்துவிடாதீர்கள். அந்த நான்கு இடங்களுக்குத் தென் அமெரிக்காவே வரிசையில் நிற்கிறது.

பெண்கள் கால்பந்துக்குத் தனி அளவுகோல் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் தனி, அங்கே ஒப்புதல் தருவது ஸ்காட்டிஷ் கால்பந்து சங்கம். மணிப்பூரின் பாலா தேவி 2020 ஜனவரியில் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸோடு ஒப்பந்தம் போட்டது அந்த நாட்டில்தான். பெண் பிள்ளைகளை ஆட விடும் பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஆண்களுக்கான கணக்கை அப்படியே அவர்களுக்குப் போட வேண்டாம்.

சரி, ஒப்புதல் கிடைத்துவிட்டது என்றால்? கிளப்பிடம் உள்துறை தந்த ஸ்பான்சர் லைசென்ஸ் இருக்க வேண்டும். அதன் பேரில் கிளப் ஒரு ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எண்ணைக் கொடுக்கும். அதை வைத்து ஆட்டக்காரர் சர்வதேச விளையாட்டு வீரர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். 2021 அக்டோபர் 11 முதல் இதுதான் பெயர். 12 மாதத்துக்கு மேல் தங்குவதானால் அடிப்படை ஆங்கிலம் தெரியும் என்று காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள் அங்கீகரித்த மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்த சான்று வைக்க வேண்டும். விசாக் கட்டணம் தவிர மருத்துவ வரியாக ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, 2024 பிப்ரவரி முதல். கிளப் கட்டுமா, ஆட்டக்காரர் கட்டுவாரா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரே தடவையில் அதிகபட்சம் 3 வருடம், பிறகு நீட்டிக்கலாம்.

இப்போது அந்த வாட்ஸாப் கடிதத்துக்கு வருவோம்.

முதலில் வயது. ஃபிஃபா விதியின் 19-ஆம் பிரிவுப்படி 18 வயது நிரம்பாத ஒருவர் கால்பந்துக்காக நாடு விட்டு நாடு மாற முடியாது. பெற்றோர் வேறு வேலையாகக் குடிபெயர்ந்தால் கூடப் போகலாம், அது மாதிரி சில விலக்குகள் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதிலேயே மாறலாம் என்ற சலுகைகூட, பிரிட்டன் விலகிய பிறகு அதற்கு இல்லை. 17 வயதுப் பையனுக்கு ஒப்பந்தம் என்றால் அங்கேயே கதை முடிந்தது.

அடுத்தது கிளப். ஆண்கள் கால்பந்தில் இந்த ஒப்புதலுக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெற்றவை மேல் நான்கு டிவிஷன் கிளப்புகள் மட்டும்தான். ஐந்தாவது டிவிஷன் கிளப்பே ஒப்புதல் வாங்க முடியாது என்கிறபோது எட்டாவது எப்படி வாங்கும்?

ஏஜென்டுகள் இதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "முதலில் ஸ்டூடன்ட் விசாவில் போகட்டும், அல்லது விசிட்டர் விசாவில் போகட்டும், சின்ன கிளப்பில் ஆடட்டும், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்." இதில்தான் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். மாணவர் விசாவில் தொழில்முறை ஆட்டக்காரராக வேலை செய்யக் கூடாது. தொழில்முறை என்பதற்குப் பிரிட்டிஷ் விதி தரும் அர்த்தமும் விரிவானது. சம்பளம் வாங்கினால் மட்டும் இல்லை, பாதித் தொழில்முறை கிளப்பில் பெயர் பதிந்திருந்தாலே அதில் அடங்கும். மாநில அணிக்கோ நாட்டுக்கோ அண்மையில் ஆடியிருந்தாலும் அடங்கலாம். ஆக, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் ஆடிய ஒரு பையன் காசு வாங்காமல் ஆடினாலும் சிக்கல் வரலாம். விசிட்டர் விசாவில் டிரையலில் கலந்துகொள்ளலாம், டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு முன்னால் ஆடக் கூடாது.

போலிச் சான்றிதழோடு விண்ணப்பித்து மாட்டினால் 10 வருடம் வரை பிரிட்டன் விசா மறுக்கப்படலாம். 18 வயதில் மாட்டுகிற பையனுக்கு அந்தத் தடை முடியும்போது 28. ஒரு விங்கரின் நல்ல வயது அத்தனையும் அதில் போய்விடும். பணம் போனதைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த நம்மவர் பிள்ளைகளுக்கு வேறு நிலை. ஈழத்தமிழ்ப் பெற்றோரின் மகன் விமல் யோகநாதன் வேல்ஸில் வளர்ந்து, வேல்ஸ் இளையோர் அணிகளுக்கு ஆடி, 2024-ல் பார்ன்ஸ்லி முதல் அணியில் இறங்கினார். பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவருக்கு இந்தப் புள்ளிக் கணக்கு எதுவும் இல்லை. அவருடைய படத்தைக் காட்டி "பாருங்க, தமிழ்ப் பையன் போயிருக்கான்" என்று இங்கே யாராவது பேசினால் அந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள்.

அண்ணனோடு மைதானத்து ஓரமாக உட்கார்ந்து இரண்டு விஷயம் பார்த்தேன். லைசென்ஸ் வைத்திருக்கும் ஸ்பான்சர்களின் பட்டியலைப் பிரிட்டிஷ் அரசு தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. யாரும் தேடலாம். கடிதத்தில் இருந்த கிளப் அதில் இல்லை. ஃபிஃபா இணையதளத்தில் உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்திட்டவர் பெயர் அதிலும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அப்போ வழியே இல்லையா அண்ணே?" என்று கேட்டார். இருக்கிறது, இங்கிலாந்துக்கு நேராக இல்லை. குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போய், 2016-ல் யூரோப்பா லீக்கில் ஆடினார். மனிஷா கல்யாண் 2022-ல் சைப்ரஸின் அப்போலன் பெண்கள் அணிக்குப் போய், பெண்கள் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடினார். ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு விதி. நெதர்லாந்தில் ஐரோப்பியர் அல்லாத ஆட்டக்காரருக்கு, 20 வயதுக்கு மேல் என்றால், லீக்கின் சராசரிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு கொடுத்தாக வேண்டும், அதனால் யோசித்துத்தான் எடுப்பார்கள். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கில் ஒரு கிளப்புக்கு மூன்று இடம்தான். பையன் முதலில் இங்கே சென்னை லீக்கில் சீனியர் டிவிஷன் ஆடட்டும், 18 முடியட்டும், ஒரு ஐ.எஸ்.எல். அல்லது ஐ-லீக் கிளப் எடுக்கட்டும் என்றேன். கூப்பிடுகிற கிளப் நிஜமான கிளப் என்றால், உங்களிடம் காசு கேட்காது என்றும் சொன்னேன்.

அவர் நல்லவேளை இன்னும் கட்டவில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்கு வங்கியில் பணத்தை நிறுத்த வாய்ப்பு அதிகம். வாட்ஸாப் உரையாடலை அழிக்காதீர்கள். பாஸ்போர்ட் அசலைக் கொடுத்திருந்தால் அதையும் புகாரிலேயே எழுதிக்கொடுங்கள்.