ஓடி வருபவர் மீது ஃபோகஸ் எப்படி நிலைக்கிறது?

விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுக்கத் தொடங்கவிருக்கும் வாசகர் ஒருவர், 24 மெகாபிக்சல் கேமரா போதுமா, அதற்கும் மேலே போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். தாராளமாகப் போதும். மெகாபிக்சல் எண்ணைக் கொண்டே கேமராவின் தரத்தை அளப்பது விளம்பரங்கள் வளர்த்துவிட்ட மூடநம்பிக்கை என்பது என் கருத்து. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, நம்மை நோக்கி ஓடி வரும் ஒருவர் மீது இந்தக் கேமராவின் ஃபோகஸ் நிலைத்து நிற்குமா என்பதுதான்.

ஷட்டர் வேகத்தைப் பற்றி, அதாவது ஒளி உள்ளே வரக் கேமராவின் திரை திறந்திருக்கும் நேரத்தைப் பற்றி, அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே செல்லும் பந்து 1/60 விநாடியில் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 விநாடியில் அந்த நகர்வு 4 சென்டிமீட்டருக்குள் அடங்கும். தொடக்கநிலைக் கேமராக்களும் இந்த வேகத்தைத் தருகின்றன.

ஃபோகஸ்தான் கடினமான வேலை. பிம்பத்தின் கூர்மையை மட்டும் பார்த்து ஃபோகஸ் செய்யும் கேமராவுக்கு, லென்ஸை எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாது. நகர்த்திப் பார்த்து, உச்சத்தைத் தாண்டி, மீண்டும் திரும்பி வந்தே சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். அதற்குள் ஆள் இடம் மாறியிருப்பார். ‘ஃபேஸ் டிடெக்‌ஷன்’ என்னும் முறை இந்தத் தடுமாற்றத்தை அழகாகத் தவிர்க்கிறது. லென்ஸின் இடப்பாதி வழியாக வந்த ஒளியையும் வலப்பாதி வழியாக வந்த ஒளியையும் அது தனித்தனிப் பிம்பங்களாகப் பார்க்கிறது. நம் இரு கண்களும் ஒரே விரலைச் சற்றே வேறுபட்ட இடங்களில் காண்பதைப் போல. ஃபோகஸ் சரியாக இருந்தால் இரு பிம்பங்களும் பொருந்தும். இல்லையென்றால் விலகி நிற்கும். விலகலின் திசை லென்ஸை எப்பக்கம் நகர்த்துவது என்பதையும், விலகலின் அளவு எவ்வளவு நகர்த்துவது என்பதையும் ஒரே அளவீட்டில் சொல்லிவிடுகின்றன. அடுத்தடுத்த அளவீடுகளை ஒப்பிட்டால் ஆள் வரும் வேகமும் கிடைப்பதால், ஷட்டர் திறக்கும் கணத்தில் அவர் எங்கே இருப்பார் என்று கணித்து, லென்ஸை அங்கே முன்னதாகவே கொண்டுசெல்ல முடிகிறது.

1985இல் வந்த மினோல்டா 7000 கேமராவில் இதற்கெனத் தனிச் சென்சார் (ஒளியை உணரும் சில்லு) இருந்தது. 2013இல் வெளியான கேனான் 70டி கேமராவிலோ படம் பதியும் சென்சாரின் பிக்சல்களே இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டன. இடம், வலம் என மட்டுமே பிரிக்கும் சென்சாருக்குச் செங்குத்துக் கோடுகள் எளிதாகவும் கிடைக்கோடுகள் கடினமாகவும் இருக்கும். கிடைக்கோடு போட்ட சட்டை அணிந்த ஆட்டக்காரர் மீது ஃபோகஸ் தடுமாறினால் கேமராவைச் சற்றே சாய்த்துப் பாருங்கள். பல சமயம் உடனே பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் லென்ஸின் முக்கியத்துவம் புரியும். 200 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸில் எஃப்/2.8 என்றால், அந்த 200ஐ 2.8ஆல் வகுக்க, ஒளி நுழையும் துளையின் விட்டம் சுமார் 71 மி.மீ.; எஃப்/5.6 என்றால் அதில் பாதி. அகன்ற துளை நான்கு மடங்கு ஒளியைத் தருவதோடு நிற்பதில்லை. அதன் இரு பாதிகளுக்கும் இடையே தொலைவு கூடுவதால், சிறிய ஃபோகஸ் பிழைகூடப் பெரிய விலகலாகத் தெரிந்து, அளவீடு துல்லியமாகிறது.

ஆகவே, ஃபேஸ் டிடெக்‌ஷன் உள்ள, ஆளை இனங்கண்டு பின்தொடரும் எளிய கேமரா ஒன்றை வாங்கி, மிச்சமாகும் பணத்தை லென்ஸில் போடுவதையே நான் பரிந்துரைப்பேன். பகல் வெளிச்சத்தில் திறந்தவெளி மைதானத்துக்கு 70-300 மி.மீ. லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும். ஏபிஎஸ்-சி என்னும் சற்றுச் சிறிய சென்சாரில் அதன் 300 மி.மீ., பெரிய சென்சார் கொண்ட முழுச்சட்டக் கேமராவின் சுமார் 450 மி.மீ. லென்ஸுக்கு நிகரான நெருக்கத்தைத் தரும். உள்ளரங்க ஆட்டங்களுக்கு அது ஒத்துவராது. எஃப்/2.8 ஜூம் கைக்கு எட்டாத விலையில் இருந்தால், 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை வாங்கிக்கொண்டு ஆடுகளத்தின் ஓரத்துக்கு நெருங்கிச் செல்வது மேல்.