பைத்தான் வாயை மூடியும் லாம்ப்ஸ் பேசுவது ஏன்?

அணுக்களின் அசைவைக் கணக்கிடும் லாம்ப்ஸ், அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த மென்பொருள். அதைப் பைத்தான் நிரல்மொழிக்குள்ளிருந்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். வெப்பநிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி நூறு முறை ஓட்ட ஒரு லூப் எழுதுகிறோம். ஒவ்வொரு முறையும் ஸ்டெப் (படி), டெம்ப் (வெப்பநிலை), பிரஸ் (அழுத்தம்) என்று எண்கள் பத்தி பத்தியாகத் திரையில் கொட்டுகின்றன. நாம் பிரிண்ட் செய்த ஒற்றை வரி விடை அந்த வெள்ளத்தில் எங்கோ போய்விடுகிறது.

சரி, திரைக்குப் போகும் எழுத்தை வேறு பக்கம் திருப்பிவிட பைத்தானில்தான் 3.4 பதிப்பிலிருந்தே 'ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட்' இருக்கிறதே என்று அதைப் போடுகிறோம். நம்முடைய பிரிண்ட் அடங்கிவிடுகிறது. லாம்ப்ஸ் அடங்கவில்லை!

லினக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், அதாவது ப்ராசஸுக்கும், எண் போட்ட வாசல்கள் உண்டு. 0 உள்ளே வருவதற்கு, 1 வெளியே போவதற்கு, 2 பிழைச் செய்திக்கு. பைத்தானின் பிரிண்ட் நேரே 1-க்குப் போவதில்லை. இடையில் 'சிஸ்.எஸ்டிடிஅவுட்' என்றொரு ஆப்ஜெக்ட் நிற்கிறது. எழுத்தை வாங்கி வாசலில் சேர்ப்பது அதன் வேலை. ரீடைரக்ட் இந்த இடையாளை மட்டும்தான் மாற்றுகிறது. லாம்ப்ஸோ சி++ மொழியில் எழுதப்பட்டது. இப்படி ஓர் ஆள் நிற்பதே அதற்குத் தெரியாது. சி நூலகத்தின் வழியாக நேரே 1-ஆம் வாசலுக்குப் போய்விடும்.

அப்படியானால் திருப்ப வேண்டியது வாசலைத்தான். 'ஓஎஸ்.டப்' கொண்டு 1-க்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறோம். எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் '/டெவ்/நல்'லைத் திறந்து, 'ஓஎஸ்.டப்2' மூலம் 1-இன் இடத்தில் பொருத்துகிறோம். ஓட்டம் முடிந்ததும் நகலைப் பழைய இடத்தில் வைக்கிறோம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். சி நூலகம் எழுத்துகளை உடனுக்குடன் அனுப்பாமல் நினைவகத்தில் ஒரு பஃபரில் சேர்த்து வைக்கும். அது காலியாகும் முன் நாம் வாசலைப் பழையபடி திருப்பிவிட்டால், தங்கிய மிச்சம் பிறகு திரையில் வந்து கொட்டும். அதனால் திருப்புவதற்கு முன்பும், பழையபடி வைப்பதற்கு முன்பும் பைத்தானிலிருந்து சி நூலகத்தைக் கூப்பிட உதவும் சிடைப்ஸ் வழியாக, பஃபரைக் காலி செய்யும் 'எஃப்ஃபிளஷ்'ஷைக் கூப்பிட வேண்டும். இன்னொன்று: வாசல் முழு ப்ராசஸுக்கும் பொது. அந்த நேரத்தில் அதே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் வேறொரு த்ரெட் பிரிண்ட் செய்தால் அதுவும் காணாமல் போகும்.

லாம்ப்ஸிடம் இவ்வளவு பாடு தேவையில்லை. தொடங்கும்போதே '-ஸ்கிரீன் நன்' என்று கொடுத்தால் தானாக அமைதியாகிவிடும். பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிடும் பைபுல்லட் என்ற பைத்தான் நூலகம் அப்படியல்ல. இம்போர்ட் செய்த கையோடு, தான் உருவாக்கப்பட்ட (பில்ட் ஆன) நேரத்தை அச்சிட்டுவிடும். சொல்லித் தடுக்க நமக்கு இடமே இல்லை. அங்கே வாசலைத் திருப்புவதுதான் வழி.

ஆனால் லாம்ப்ஸிடம், லாக் ஃபைலில் எழுதுவதையும் நிறுத்தும் '-லாக் நன்' என்றும் சேர்த்துக் கொடுத்து எல்லாவற்றையும் விழுங்க விடாதீர்கள். லாம்ப்ஸ் ஒவ்வொரு அணுவுக்கும் பக்கத்து அணுக்களின் பட்டியல் ஒன்றை வைத்து, அவ்வப்போது புதுப்பிக்கிறது. அச்சிடுவதன் கடைசியில் 'டேஞ்சரஸ் பில்ட்ஸ்' என்றொரு வரி வரும். அதில் பூஜ்யம் இல்லாவிட்டால், பட்டியல் தாமதமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கலாம், சில விசைகள் கணக்கில் விடுபட்டிருக்கலாம் என்று பொருள். ஓட்டம் நிற்காது, பைத்தானுக்கும் பிழை எதுவும் வராது. நான் திரையை மட்டும் அடைத்துவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி லாக் ஃபைல் கொடுக்கிறேன். லூப் முடிந்த பிறகு நூறு ஃபைலிலும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வரைபடம் போடுவேன்.