மாங்காயும் அருவாமனையும்: வீட்டு வியாபாரத்துக்கு வரிக்கழிவு எப்படி ஓடுது

தென்னாப்பிரிக்காவுல, டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்காங்க, கராஜை அடைச்சு டைல்ஸ் போட்டு அங்கதான் மாங்காய் ஊறுகாயும் சமோசாவும் போடுறாங்க, தீபாவளி நெருங்குனா முறுக்கு, பூந்தின்னு பலகாரப் பெட்டி வேற. பிப்ரவரி கடைசில, அதாவது இங்க வரி வருஷம் முடியுற நேரத்துல, என்னைக் கூப்பிட்டு ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஸ்லிப்பை மேசைல கொட்டி, "தம்பி, இதுல எதையெல்லாம் சார்ஸ் திருப்பித் தரும்?"னு கேட்டாங்க.

கேள்வியே கொஞ்சம் கோணல்தான். கழிவுன்னா சார்ஸ் (SARS, இங்க வரி வாங்குற அரசுத் துறை) நம்ம செலவைத் திருப்பித் தர்றது இல்ல, வரி போடுறதுக்கு முன்னாடி வருமானத்துல இருந்து அந்தச் செலவை எடுத்துட்றது, அவ்ளோதான். 26 சதவீத அடுக்குல (அதாவது வருமானத்தோட மேல் பகுதிக்கு 26 சதவீதம் வரி கட்டுற நிலைல) இருக்கறவங்க 1,000 ராண்ட் செலவைக் கழிச்சா மிச்சமாகுறது 260 ராண்ட், மீதி 740 நம்ம பாக்கெட்ல இருந்து போனது போனதுதான். 18 சதவீத அடுக்குல இருந்தா 180. வருமானமே வரி வரம்புக்குக் கீழ இருந்தா (2025 பிப்ரவரில முடிஞ்ச வருஷத்துல 65 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு அது 95,750 ராண்ட்) அந்த வருஷம் ஒண்ணுமே மிச்சமாகாது. அதனால "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்"னு சொல்லிக்கிட்டே தேவையில்லாத மிக்ஸரை வாங்குறவங்களைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.

ஏன் கழிக்கவே விடுறாங்கன்னா, இது வருமானத்து மேல போடுற வரி, ஆள் மேல போடுற வரி இல்ல. இந்த வித்தியாசம் நம்ம ஆட்களுக்குப் புதுசா என்ன? டர்பன் இருக்குற இந்த நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்டக் கூலியா வந்தவங்க ஒப்பந்தம் முடிஞ்ச பிறகும் ஊருக்குத் திரும்பாம இங்கயே இருக்கணும்னா வருஷத்துக்கு மூணு பவுன் (பிரிட்டிஷ் பவுண்டு) கட்டணும்னு 1895ல சட்டம் போட்டாங்க, அப்புறம் 16 வயசு பையன், 13 வயசு பொண்ணு வரைக்கும் அது நீண்டுச்சு. சம்பாதிச்சியா, கடன் இருக்கா, சோத்துக்கு என்ன செலவாச்சுன்னு எந்தக் கேள்வியும் கிடையாது, தலை இருக்கா, மூணு பவுனை எடு. 1913ல தில்லையாடி வள்ளியம்மை ஜெயிலுக்குப் போன போராட்டத்துல ஒழிக்கச் சொல்லிக் கேட்டதுல இந்த வரியும் ஒண்ணு, 1914ல ஒழிஞ்சுது. அதே 1914லதான் தென்னாப்பிரிக்க யூனியனோட முதல் வருமான வரிச் சட்டமும் வந்துச்சு. தலைக்குத் தலை போடுற வரில கழிவுன்னு ஒண்ணு இருக்கவே முடியாது, வருமான வரில கழிவு இல்லன்னா அது வருமான வரியே இல்ல.

இப்ப ஓடுற சட்டம் 1962 வருஷத்தது, 58ஆம் நம்பர். அதுல 11(ஏ) பிரிவு சொல்றதைப் பச்சையாச் சொன்னா: தொழில் பண்ணி வருமானம் ஈட்டுறதுக்காக, நெசமாவே செலவாகியிருக்கணும், அந்தச் செலவு மூலதனமா இருக்கக்கூடாது. சொன்னா ஒரு வரி, கோர்ட்ல இதுக்கு எத்தனையோ வருஷமா சண்டை.

"வருமானத்துக்காக"ன்னா எவ்வளவு நெருக்கம்? 1936ல போர்ட் எலிசபெத் டிராம் கம்பெனி வழக்குன்னு ஒண்ணு, இன்னைக்கும் வரி படிக்கிற பசங்க முதல்ல படிக்கிறது இதைத்தான். டிராம் ஓட்டுனவர் இறக்கத்துல கட்டுப்பாடு போய் விபத்துல செத்துட்டாரு, கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியதாச்சு, கொடுக்க மாட்டேன்னு வழக்காடி அதுக்கும் செலவு பண்ணுச்சு. டிராம் ஓட்டணும்னா டிரைவர் வேணும், டிரைவர் வெச்சா விபத்து ஆபத்து கூடவே வரும், அதனால நஷ்ட ஈட்டைக் கழிக்கலாம்னு கோர்ட் சொல்லிடுச்சு. வக்கீல் செலவை மட்டும் விடல, அது டிராம் ஓட்டுறதோட சேந்தது இல்லன்னுட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சது, அந்தச் செலவு லாபம் கொண்டுவந்துச்சான்னு யாரும் கேக்கல, தொழிலைப் பண்ற வேலையோட அது ஒட்டியிருக்கான்னுதான் பாத்தாங்க. அக்கா ஒரு தடவை 20 கிலோ மாங்காய் வாங்கி அழுகிப் போச்சு, ஒரு பாட்டில்கூட விக்கல, ஆனாலும் அந்தக் காசு கழியும்.

அடுத்தது மூலதனம். 1946ல நியூ ஸ்டேட் ஏரியாஸ்னு ஒரு சுரங்கக் கம்பெனி வழக்குல இதை அலசுனாங்க, வருமானம் தர்ற இயந்திரத்தை ஓட்டுறதுக்கான செலவு வேற, அந்த இயந்திரத்தை நிறுவுறதுக்கோ பெருசாக்குறதுக்கோ ஆகுற செலவு வேறன்னு. அக்காவுக்கு நான் சொன்னது: மாங்காய், எண்ணெய், மிளகாத்தூள் எல்லாம் வந்துட்டுப் போறது, அருவாமனை அங்கயே உக்காந்திருக்கறது. வந்து போறதை அந்த வருஷமே கழிக்கலாம். உக்காந்திருக்கறதை அப்படி ஒரேயடியா கழிக்க முடியாது.

அதுக்காக அதை அப்படியே விட்டுடறதும் இல்ல, பொருள் தேயத் தேய வருஷா வருஷம் கொஞ்சம் கழிக்க விடுவாங்க. கம்ப்யூட்டர் 3 வருஷத்துல தேயும், மேசை நாற்காலி 6 வருஷம், செல்போன் 2 வருஷம், கார் 5 வருஷம்னு சார்ஸே பட்டியல் போட்டு வெச்சிருக்கு. டிசம்பர் ஒண்ணாம் தேதி 12,000 ராண்டுக்கு லேப்டாப் வாங்குனா வருஷத்துக்கு 4,000, ஆனா பிப்ரவரி முடிய மூணு மாசம்தான் இருக்கு, அதனால முதல் வருஷம் 1,000 மட்டும். 7,000 ராண்டுக்குக் கீழ வாங்குன தனிப் பொருளா இருந்தா அந்த வருஷமே முழுசாக் கழிச்சுக்கலாம், அருவாமனையும் அதுல அடங்கிடும். செட்டா வாங்குன ஆறு நாற்காலியை ஆறு தனி ஸ்லிப்பாக் காட்டுற வேலை மட்டும் செல்லாது. அதே லேப்டாப்ல பிள்ளைங்க பாதி நேரம் கேம் ஆடுனா பாதிதான் கழிக்கலாம், ஆனா பாதியாவது கழிக்கலாம்.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க, ஏன்னா அறைன்னு வந்தா அந்தப் பாதிக் கணக்குக்கு இடமே இல்ல. வீட்டு வாடகை, பாண்ட் (வீட்டுக் கடன்) வட்டி, முனிசிபல் ரேட்ஸ் (வீட்டு வரி), கரண்டு, இன்சூரன்ஸ் இதுல ஒரு பங்கைக் கழிக்கணும்னா வீட்ல ஒரு பகுதி தொழிலுக்குன்னே தயார் பண்ணியிருக்கணும், வழக்கமா தொழிலுக்குப் பயன்படணும், தொழிலுக்கு மட்டுமே பயன்படணும். இந்த "மட்டுமே"லதான் முக்காவாசிப் பேர் விழுறாங்க. சாப்பாட்டு மேசைல உக்காந்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கணக்குப் பாத்தாலும் அந்த மேசை இருக்குற இடம் தேறாது, காலைல அதே மேசைல இட்லி சாப்பிடுறீங்கல்ல. அக்காவோட கராஜ்ல அடுப்பு, பெரிய ஃப்ரீசர், ஸ்டீல் மேசை எல்லாம் பக்கா, ஆனா ஒரு மூலைல பேரனோட சைக்கிளும் பழைய மெத்தையும் கெடந்துச்சு. அன்னைக்கே தூக்கி வெளிய போடச் சொன்னேன், ஆனா அது இனி வரப்போற நாளுக்குத்தான் உதவும், போன வருஷத்து மெத்தைக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

கணக்கு சுலபம்தான். வீடு 120 சதுர மீட்டர், கராஜ் 18, அப்போ 15 சதவீதம். வருஷத்து வீட்டுச் செலவு 96,000 ராண்டுன்னா 14,400 கழியும், 26 சதவீத அடுக்குல மிச்சம் 3,744 ராண்ட். கராஜுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சா அது முழுசாக் கழியும், வீடு முழுக்க கூரை ரிப்பேர் பண்ணா 15 சதவீதம். பாண்ட்ல அசலைக் கட்டுறது கழியவே கழியாது, வட்டி மட்டும்தான். அறை தேறலன்னாலும் மாங்காயும் பாட்டிலும் தேறும், அது வேற விதி, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. டெலிவரிக்குப் போற பெட்ரோலும் அப்படித்தான், ஆனா கிலோமீட்டர் எழுதுன லாக்புக் இருக்கணும்.

இந்த 3,744 ராண்டுக்கு ஒரு விலை உண்டு, அதை யாரும் முதல்ல சொல்றதில்ல. நாம குடியிருக்குற வீட்டை விக்கும்போது லாபத்துல ஒரு பெரிய தொகைக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, 2012ல அந்தத் தொகையை 20 லட்சம் ராண்டா உயர்த்துனாங்க. ஆனா தொழிலுக்கு விட்ட பகுதிக்கு அந்தச் சலுகை கிடையாது. 10 வருஷம் வெச்சிருந்த வீட்ல 5 வருஷம் 15 சதவீத இடம் கடையா இருந்துச்சுன்னா, லாபத்துல 7.5 சதவீதம் அந்தச் சலுகைக்கு வெளிய நிக்கும். 8 லட்சம் லாபத்துக்கு 60,000. அதுக்காக பயந்து கராஜைக் கழிக்காம விடணும்னு நான் சொல்லல, ஒரு பேப்பர்ல ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டுச் செய்யுங்க.

இந்தத் தலைவலியே வேணாம்னு நினைக்கிற சின்ன வியாபாரத்துக்கு 2009ல டர்ன்ஓவர் டாக்ஸ்னு ஒண்ணு வந்துச்சு, அப்போ 10 லட்சம் ராண்ட் விற்பனை வரைக்கும். கழிவே கிடையாது, மொத்த விற்பனை மேலயே சின்னதா ஒரு வரி, 2025 பிப்ரவரில முடிஞ்ச வருஷத்துல 3,35,000 வரைக்கும் பூஜ்யம், அதுக்கு மேல 1ல இருந்து 3 சதவீதம். செலவு கம்மியான தொழிலுக்கு நல்லாவே ஒத்துவரும். பலகாரம் மாதிரி பாதிக்கு மேல சாமானுக்கே போற தொழில்ல, விற்பனை பெருசாகி லாபம் மெலிஞ்சுபோன வருஷத்துலயும் கட்ட வேண்டி வரும்.

ஸ்லிப்பை எல்லாம் ரிட்டர்ன் போட்டதுல இருந்து 5 வருஷம் வெச்சிருக்கணும், இது எனக்குக் கழியும்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நம்மளோடது, சார்ஸோடது இல்ல. வெயில்ல எழுத்து அழிஞ்சுபோற ஸ்லிப்பை போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, அக்கா பைல கால்வாசி வெள்ளைத் தாளாத்தான் இருந்துச்சு.

எல்லாம் முடிச்சுட்டு எந்திரிக்கும்போதுதான் கேட்டேன், தீபாவளிக்கு வீட்டுப் பிள்ளைங்க எவ்வளவு முறுக்கு தின்னாங்கன்னு. ஏன்னா விக்கிறதுக்குன்னு வாங்குன மாவையும் எண்ணெயையும் முழுசாக் கழிச்சுட்டு, செஞ்சதுல கொஞ்சத்தை வீட்லயே சாப்பிட்டா, சாப்பிட்ட பங்கை வருமானத்துல திரும்பச் சேக்கணும்னு 22ஆவது பிரிவுல இருக்கு. அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க. "விக்கிற விலைக்கா தம்பி?" இல்லக்கா, அடக்க விலைக்குத்தான்னு சொன்னதும் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. "அப்ப ரெண்டு டின்னுன்னு போட்டுக்க"ன்னாங்க. ஒரு நிமிஷம் கழிச்சு, "மூணு போட்டுக்க."