ஏரிக்குள்ள ஒரு ஏரி

போடன்சே ஏரியில கோடைக்காலத்துல ஊரே இறங்கி குளிக்குது, படகு ஓடுது, மேல் தண்ணி 20 டிகிரிய தாண்டிருது, அப்புறம் எப்படிங்க அதே தண்ணிய 40 லட்சம் பேரு குடிக்கிறாங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. அதே தண்ணி இல்லைங்கறதுதான் விஷயமே.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூணுக்கும் பொதுவான ஏரி இது. அதிகபட்ச ஆழம் 251 மீட்டர். ஜெர்மனி பக்கம் சிப்லிங்கன்ங்கற ஊர்கிட்ட 60 மீட்டர் ஆழத்துலேர்ந்து தண்ணி உறிஞ்சி, மலை மேல ஏத்தி, சல்லடை, ஓசோன், மணல் வடிகட்டின்னு தாண்டி ஸ்டுட்கார்ட் வரைக்கும் குழாய்ல அனுப்புறாங்க. 1958லேர்ந்து ஓடுது. ஏரி மொத்தம் 48 கன கிலோமீட்டர், வருஷத்துக்கு எடுக்குறது சுமாரா 0.13தான், வெயில்ல ஆவியா போறதே அதவிட ஜாஸ்தி.

ஏன் 60 மீட்டர்? தண்ணி 4 டிகிரியிலதான் அதிக அடர்த்தியா இருக்கும்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். அதோட அடுத்த பாதிய யாரும் சொல்லித்தரல. 4லேர்ந்து 5 டிகிரிக்கு போனா அடர்த்தி ரொம்ப லேசாத்தான் குறையும், ஆனா 20லேர்ந்து 21க்கு போனா அதுமாதிரி கிட்டத்தட்ட 25 மடங்கு குறையும். அதனால வெயில் ஏற ஏற மேல இருக்குற சூடான தண்ணி எண்ணெய் மாதிரி மிதக்க ஆரம்பிச்சிடுது, காத்து எவ்ளோ அடிச்சாலும் அத கீழ அமுக்க முடியாது. ஒரே ஏரிக்குள்ள ரெண்டு ஏரி! மேல வெளிச்சம், பாசி, சோப்பு, டீசல். கீழ இருட்டு, வருஷம் முழுக்க 5 டிகிரி பக்கம். மூடின்னு ஒண்ணு இல்லாமலே ஒரு மூடி, எனக்கு இத நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்குது.

ஆனா மூடி எப்பவும் மூடியே இருந்தா கீழ ஆக்ஸிஜன் தீந்துரும். குளிர்காலத்துல மேல் தண்ணியும் 4 டிகிரிகிட்ட வர்றப்ப அடர்த்தி வித்தியாசம் மறைஞ்சு, காத்து மொத்த ஏரியையும் கிளறி விட்டுரும், ஏரி மூச்சு விடுறது அப்பதான். குளிர் போதாத வருஷத்துல இந்த கலக்கல் அடி வரைக்கும் போறதில்ல. இது தெரியுறதே பல வருஷமா ஒவ்வொரு ஆழத்துலயும் அளந்துட்டே இருக்குறதாலதான். இந்த மாதிரி அளக்குற வேலைக்கு பணம் கேட்டா புதுசா என்ன கண்டுபிடிச்சீங்கன்னு கேக்குறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். மூணு நாடும் 1959ல சேர்ந்து ஆணையம் வச்சு, சாக்கடைய சுத்திகரிச்சு, லிட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்கு மேல போயிருந்த பாசிக்கு உரமாகுற பாஸ்பரஸ 10க்கு கீழ கொண்டு வந்தாங்க, அளக்காம அது நடந்திருக்குமா?

இப்ப புது தலைவலி குவாகா சிப்பி, 2016ல வந்துது. பாசிய தடுக்குற இருட்டும் குளிரும் இத தடுக்கல, ஆழத்துலயே குடும்பம் நடத்துது. அதோட லார்வா கண்ணுக்கே தெரியாது, தண்ணியோட குழாய்க்குள்ள போய் ஒட்டி வளந்து அடைச்சிடும். அத வாசல்லயே நிறுத்துற மெல்லிய சவ்வு வடிகட்டிக்குத்தான் இப்ப வேலை நடக்குது.