அட்டிக் என்றால் பரண்

சி.வி.எஸ். என்பது நிரல் கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரலாறாகச் சேமித்துவைக்கும் பழைய மென்பொருள். அது கோப்புகளைச் சேமிக்கும் களஞ்சியத்தை சர்வரில் நேரடியாகத் திறந்து பார்த்தவர்களுக்கு 'அட்டிக்' என்ற அடைவு (ஃபோல்டர்) பழக்கமானது. நீக்கிவிட்டோம் என்று நினைத்த கோப்பெல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

சொல்லின் ஊர் கிரேக்கம். ஏதென்ஸ் நகரைச் சுற்றிய அட்டிகா பகுதியின் கட்டடப் பாணிக்கு அட்டிக் என்று பெயர். பிற்கால ஐரோப்பியர்கள் மாளிகை முகப்பின் உச்சியில் அந்தப் பாணியில் குட்டையான ஓர் அடுக்கை எழுப்பினார்கள். அதன் பெயர் நாளடைவில் கூரைக்கடியில் தட்டுமுட்டுச் சாமான் போடும் இடத்துக்கு வந்துவிட்டது. (நம் அட்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

சி.வி.எஸ். 1986இல் டிக் குரூன் எழுதிய ஷெல் நிரல்களாகத் தொடங்கியது. அதன் களஞ்சியத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரலாற்றுக் கோப்பு உண்டு: அதே பெயர், பின்னால் ஒரு காற்புள்ளி, அப்புறம் 'வி' என்ற எழுத்து. முதல் பதிப்பிலிருந்து எல்லாம் அதற்குள்தான். 1.4 வரை வந்த கோப்பை நீக்கிப் பதிந்தால் 1.5 என்று புதிய பதிப்பு உருவாகும். அதன் நிலை 'டெட்'. வரலாற்றுக் கோப்பு அப்படியே, அது இருந்த அடைவுக்குள்ளேயே இருக்கும் அட்டிக்குக்கு நகரும். வீட்டுக்கு ஒரு பரண் அல்ல, அறைக்கு ஒன்று! இன்றைய நிலவரத்தைக் கேட்டால் கோப்பு வராது. பழைய வெளியீட்டின் குறிச்சொல்லைச் சொல்லிக் கேட்டால் சமர்த்தாக இறங்கி வரும்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'குப்பைத்தொட்டி' தப்பு, குப்பை ஒருநாள் வெளியே போய்விடும். 'மச்சு' என்றால் மாடி என்றும் பொருள்படும். பரண்தான் சரி. தினைப்புனத்தில் கிளி விரட்டக் கட்டிய மேடைக்கும் பரண் என்றே பெயர். வள்ளி கதையில் வருவது அதுதான். வீட்டுக்குள் வந்த பிறகு அதில் பித்தளை அண்டாவும் கொலுப்பெட்டியும் ஏறின. கொலுப்பெட்டியை யாரும் தூக்கி எறிவதில்லை, நவராத்திரிக்கு இறக்குகிறோம். களஞ்சியத்துக்குள் பரண் என்பதும் பொருத்தமாகவே இருக்கிறது. 'டெட்' என்பதை 'இறந்தது' என்று பெயர்க்க வேண்டாம், திரும்பி வரக்கூடியதாயிற்றே. 'நீக்கப்பட்டது' போதும். 'அழிக்கப்பட்டது' கூடவே கூடாது.

ஓர் இடத்தில் மட்டும் பரண் உவமை தடுமாறும். மையக் கிளையில் (முதன்மையான வளர்ச்சிப் பாதையில்) இல்லாமல், அதிலிருந்து பிரிந்த வேறொரு கிளையில் முதலில் சேர்த்த கோப்பும் அட்டிக்கில்தான் போய் உட்காரும். யாரும் நீக்காமலே பரணில் பிறந்த கோப்பு அது. புதிதாக வந்தவர் இதைப் பார்த்து மிரள்வது நியாயம்தான்.

இதே வேலையைச் செய்ய 2005இல் வந்த கிட் என்ற மென்பொருளில் பரணே கிடையாது. ஒவ்வொரு பதிவும் அந்த நேரத்துக் கோப்புகளின் முழுப் பட்டியலை வைத்திருப்பதால், நீக்கிய கோப்பு அடுத்த பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். வேண்டுமென்றால் நீக்கியதற்கு முந்தைய பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அட்டிக் என்ற பெயர் மட்டும் வேறு இடத்தில் பிழைத்திருக்கிறது: திறமூல மென்பொருள் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளை, ஓய்வு கொடுத்த தன் திட்டங்களை 2008 முதல் அந்தப் பெயரில்தான் வைத்திருக்கிறது.