கால்வாய்க்குள் நுழைந்தால் கடற்படை வரிசையாகிவிடும்

கதை எழுதும் ஓர் இளம்பெண் போன மாதம் தன் நாவலின் வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். இரண்டு கடல்கள், நடுவில் ஒரு நிலத்துண்டு, அதைக் குறுக்கே வெட்டி நீல மையில் ஒரு கால்வாய். "அங்கிள், பேரரசோட நூறு போர்க்கப்பல் ஒரே ராத்திரியில இந்தக் கால்வாய் வழியா அந்தப் பக்கம் போயிடுது. விடியும்போது எதிரி துறைமுகம் எரியுது" என்றாள்.

"கால்வாய் எவ்வளவு ஆழம்மா?"

"கப்பல் போற அளவுக்கு."

இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் இருந்தேன். இப்போது கரையில் உட்கார்ந்து, கப்பல்களின் பயணத் திட்டங்களைச் சரிபார்க்கும் வேலை. இங்கே சிங்கப்பூரில் தமிழில் கற்பனை உலகங்களை எழுதும் இளைஞர்கள் சிலர் கடல் சம்பந்தமான அத்தியாயங்களை என்னிடம் காட்டுகிறார்கள். நன்றாக எழுதுகிறார்கள். ஆனால் அநேகமாக எல்லாருமே கால்வாயை நெடுஞ்சாலை மாதிரி நினைத்துவிடுகிறார்கள். கப்பல் வரும், போகும், அவ்வளவுதான் என்று. அந்த "கப்பல் போற அளவு" என்பதற்குள்தான் போரே இருக்கிறது என்பதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த நூறு கப்பல் கணக்கு. அவள் கால்வாயில் மேடு இருக்கிறது, அதனால் மதகு அறைகள் வேண்டும். லாக் என்று நாங்கள் சொல்வது அதைத்தான்: கப்பலை உள்ளே விட்டு, கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டி. அவள் கதை நடக்கும் காலத்துக் கதவுகளை ஆட்கள்தான் திறக்க வேண்டும். ஒரு தொட்டியில் இரண்டு கப்பல், ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நூறு கப்பலுக்கு 50 தடவை, 25 மணி நேரம். முதல் கப்பல் அந்தப் பக்கம் வந்து ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தால்தான் கடைசிக் கப்பல் வந்து சேரும். சரி, மதகே வேண்டாம், சமமான கால்வாய் என்றால்? கப்பல் 50 மீட்டர், இடைவெளி 150 மீட்டர் என்றால் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றை வரிசை.

எதிரிக்கு நூறு கப்பல் எதற்கு? கால்வாயின் வாய்க்கு வெளியே பத்துக் கப்பல் போதும். ஒவ்வொன்றாக வெளியே வருகிறவனை பத்துப் பேர் சேர்ந்து அடிக்கலாம். ஆழ்கடலில் கடற்படையாக இருப்பது கால்வாய்க்குள் நுழைந்ததும் வரிசையாகிவிடுகிறது. அதனால் கால்வாய்ச் சண்டை கால்வாய்க்குள் நடப்பது குறைவு, அதன் வாயில்தான் நடக்கும்.

இதற்கு நம் வாசலிலேயே ஒரு சாட்சி உண்டு. 1905 ஏப்ரலில் ரஷ்யாவின் பால்டிக் கடற்படை சிங்கப்பூரைக் கடந்து போனது. ஜப்பானோடு போர். அதில் புதிய பெரிய போர்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தன. சிறிய கப்பல்களும் பழையவையும் சூயஸ் வழியாக வந்து மடகாஸ்கரில் அவற்றோடு சேர்ந்தன. அவ்வளவு தூரம் வந்தாலும் விளாடிவோஸ்டாக் போய்ச்சேர மூன்றே வாசல்கள்: சுஷிமா, சுகாரு, சோயா. ஜப்பானியத் தளபதி டோகோ கடலெல்லாம் தேடி அலையவில்லை. சுஷிமா பக்கமாகத்தான் வருவார்கள் என்று கணித்து அங்கே காத்திருந்தார். மே 27, 28 தேதிகளில் ரஷ்யக் கடற்படை ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது.

அப்புறம் ஆழம். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இளம் அதிகாரியாக இருந்தபோது, எண்ணெய் நிரம்பிய பெரிய டேங்கரில் இரவு நேரம் பிலிப் கால்வாயைக் கடந்துகொண்டிருந்தோம். சிங்கப்பூர் நீரிணையில் மிகக் குறுகலான இடம் அது, அகலம் 3 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆழமாக மிதக்கும் கப்பல்கள் அடிப்பக்கத்துக்கும் தரைக்கும் நடுவில் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்பது இந்த நீரிணைகளின் விதி. அதற்காகவே ஓதம், அதாவது கடல் மட்டம், ஏறும்வரை காத்திருந்துதான் உள்ளே வந்தோம். கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ் அறையில் விளக்கு கிடையாது. அடியில் மிச்சமிருக்கும் ஆழத்தை மீட்டரில் காட்டும் கருவியின் எண்கள் மட்டும் பச்சையாக எரிகின்றன. 4.9. கொஞ்ச நேரத்தில் 4.5. அப்புறம் 4.1. கடல்தரையில் மேடு எதுவும் இல்லை, சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், ஒரே ஆழம்தான். கேப்டன் என் பக்கம் திரும்பாமலே இயந்திரத்தைக் குறைக்கச் சொன்னார். வேகம் இறங்க இறங்க எண்கள் தானாக ஏறின: 4.3, 4.6, 4.8. எனக்கு உள்ளங்கை வியர்த்திருந்தது.

ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போகும் கப்பல் கீழே அமுங்கும். அடியில் இருக்கிற கொஞ்ச இடத்தில் தண்ணீர் விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறைந்து கப்பலைக் கீழே இழுக்கும். ஸ்குவாட் என்பார்கள். வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அமுங்கும். வேகத்தைப் பாதியாக்கினால் அமுங்குவது கால்பங்காகிவிடும். கொழுத்த டேங்கர் ஒன்று 12 நாட் (மணிக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர்) வேகத்தில் போனால் திறந்த ஆழமற்ற கடலில் ஒரு மீட்டருக்கு மேல் அமுங்கும். கால்வாய் மாதிரி இருபுறமும் கரை இருந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. கரைக்கு மிக அருகே போனால் கப்பலின் பின்பகுதியைக் கரை உறிஞ்சி இழுக்கும், முன்பகுதி எதிர்ப்பக்கம் திரும்பும்.

கதையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். துரத்தப்படுகிற கப்பல் கால்வாய்க்குள் தப்பி ஓட முடியாது. ஓடினால் தரை தட்டும். துரத்துகிறவனும் ஓட முடியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே மெதுவாக நகர வேண்டும். எந்த வாள் சண்டையையும்விட எனக்கு அதுதான் பயங்கரமாகப் படுகிறது.

நம் சோழ நாவல்களிலும் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 1025இல் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படை அனுப்பியதை எழுதுகிறவர்கள் வீரத்தை எழுதுகிறார்கள், காற்றை விட்டுவிடுகிறார்கள். பாய்மரக் காலத்தில் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்தவன், வடகிழக்குக் காற்று தொடங்கும்வரை ஊர் திரும்ப முடியாது. அந்த மாதங்களில் படை எங்கே தங்கியது, என்ன சாப்பிட்டது என்பதே ஒரு நாவலுக்குப் போதும். பதினான்காம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த சீனப் பயணி வாங் தாயுவான் எழுதிவைத்த ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். சிங்கப்பூர்க் கரையோரம் நின்ற லோங்யாமென் என்ற பாறைப் பக்கத்துக் கொள்ளையர்கள் மேற்கே போகிற கப்பல்களை விட்டுவிடுவார்களாம். திரும்பி வரும்போதுதான், கரிமுன் தீவருகே இருநூறு முந்நூறு படகுகளில் வந்து மறிப்பார்களாம். போகும்போது விட்டவன் வரும்போது ஏன் மறிக்கிறான்? அப்போதுதானே சரக்கு முழுசாக இருக்கும்! நீரிணையின் அரசியல் மொத்தமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்த லோங்யாமென் பாறையை 1848இல் கப்பல் வழியை அகலப்படுத்த ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். லாப்ரடார் பூங்காவில் அதன் மாதிரி நிற்கிறது, போனால் பாருங்கள்.

கால்வாய் கப்பலின் உடம்பையே தீர்மானிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பனாமா கால்வாயின் பழைய மதகு அறைகள் 33.5 மீட்டர் அகலம். அமெரிக்காவின் அயோவா வகைப் போர்க்கப்பல்கள் 33 மீட்டர். பக்கத்துக்கு ஒரு சாணுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான் இடைவெளி. ஜெர்மனியின் கீல் கால்வாய் 1895இல் திறந்தது. 1906இல் பிரிட்டன் டிரெட்நாட் என்ற புதுவகைப் பெரிய போர்க்கப்பலை மிதக்கவிட்டதும், அதற்கு ஈடான கப்பலைக் கட்டினால் அது தன் கால்வாய்க்குள் நுழையாது என்ற நிலை ஜெர்மனிக்கு. 1907இல் தொடங்கிய விரிவாக்கம் முடிந்தது 1914 ஜூனில். சில வாரங்களில் உலகப் போர். உங்கள் கற்பனைப் பேரரசு புதிய பெரிய கப்பல் கட்டுகிறது என்றால், எதிரியின் ஒற்றர்கள் கப்பல் பட்டறையைவிடக் கால்வாய்க் கரையில் மண் தோண்டுகிறார்களா என்றுதான் பார்ப்பார்கள்.

கால்வாயை அடைப்பது எளிது என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1918 ஏப்ரலில் பிரிட்டன், ஜெர்மானிய நீர்மூழ்கிகளை அடைத்துவைக்க பெல்ஜியத்தின் சேப்ரூகாவில் கால்வாயின் வாயில் பழைய கப்பல்களை மூழ்கடித்தது. சில நாட்களில் ஜெர்மானியர்கள் பக்கத்தில் தோண்டி வழி செய்துகொண்டார்கள். ஆனால் சூயஸ் 1967 அரபு-இஸ்ரேல் போரில் மூடியது, திறந்தது 1975இல். பல நாட்டுச் சரக்குக் கப்பல்கள் நடுவில் இருக்கும் ஏரியில் எட்டு வருடம் மாட்டிக்கொண்டன. பாலைவன மணல் மூடி மஞ்சளாகிப்போனதால் மஞ்சள் கப்பல்படை என்று பெயர். பனிப்போரின் இரு பக்கத்து மாலுமிகளும் அங்கே ஒன்றாகச் சங்கம் வைத்து, தங்களுக்கென்று தபால்தலை வரைந்து, 1968இல் சொந்தமாக ஒலிம்பிக் விளையாட்டும் நடத்தினார்கள். கடலோடி என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஏரியை யாராவது தமிழில் ஒரு கற்பனை உலகமாக்கி எழுதினால் முதல் பிரதி எனக்கு வேண்டும்.

சாலையும் கடற்படையை மறிக்கும். சிங்கப்பூரை மலாயாவோடு இணைக்கும் ஜோகூர் கடற்பாலம் 1924இல் திறந்தபோது சின்னப் படகுகள் கடக்க அதில் ஒரு மதகு அறை இருந்தது. போர்க்கப்பல் நுழைகிற அளவு இல்லை. பிறகு 1938இல் சிங்கப்பூரின் வடகரையில், செம்பவாங்கில் அவ்வளவு பெரிய கடற்படைத் தளம் திறந்தாலும், அதற்குக் கப்பல்கள் வர கிழக்கு வாசல் ஒன்றுதான். ரயிலில் உட்லண்ட்ஸ் பக்கம் போகும்போது இதைப் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்துத் திருத்திய அத்தியாயத்தை அனுப்பினாள். வரைபடத்தில் இப்போது ஆழங்கள் எழுதியிருந்தன. நூறு கப்பல் முப்பதாகியிருந்தது. ஓதத்துக்காக அவை வாயில் காத்திருக்கின்றன. மதகுக் காவலரின் மகள் கதவுச் சக்கரத்தின் மேல் கை வைத்தபடி நிற்கிறாள். நன்றாக இருந்தது. ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "கதவு திறக்கும்போதெல்லாம் தண்ணீர் கடலுக்குப் போயிடுமே, மேலே இருக்கிற ஏரிக்கு எங்கேயிருந்து தண்ணீர் வருது?"

பனாமா கதையைச் சொன்னேன். கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் காதுன் ஏரி. ஒரு கப்பல் கடக்க ஏறக்குறைய 20 கோடி லிட்டர் நன்னீர் செலவாகும். 2023இல் மழை பொய்த்தபோது, நாளுக்கு 36 கப்பல் வரை போன கால்வாயில் வருடக் கடைசியில் இருபத்துச் சொச்சம்தான் போக முடிந்தது.

மறுநாள் காலையில் அவளிடமிருந்து பதில் வந்தது. வரைபடத்தில் ஏரிக்கு ஓர் ஆறு வருகிறது. முதலில் அதை அழகுக்காகத்தான் வரைந்தாளாம். அது எதிரி நாட்டு மலையிலிருந்து இறங்குகிறது. "அங்கிள், மூணாவது அத்தியாயத்திலேர்ந்து திரும்ப எழுதணும்" என்று முடித்திருந்தாள்.